கட்டினால் நிற்காத குதிரை

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குளிர் விட்டதும் கொஞ்சம் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எங்கள் சலவை நிலையத்தின் பழைய குதிரை செத்துப்போனதையும், டிசம்பரில் முதலாளி ஒரு பெண் குதிரை வாங்கி வந்ததையும் எழுதியிருந்தேன். சாம்பல் நிறம், அதனால் சாம்பல் என்றே கூப்பிடுகிறோம். ஐந்து வயது. வண்டியில் பூட்டி ஓட்டினால் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டினால் நிற்பதில்லை. கயிறு இறுகியது தெரிந்ததும் தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இழுக்கிறது. கண்ணில் வெள்ளை தெரிகிறது. உடம்பெல்லாம் வியர்த்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் மூன்று தலைக்கயிறு அறுந்தாயிற்று. போன வியாழக்கிழமை ஒரு விடுதி வாசலில் விளக்குக் கம்பத்தையே சாய்த்துவிட்டது.

என் வேலை உனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஆறு வாசல். மூன்று விடுதி, ஒரு சாப்பாட்டுக்கடை, மாணவர் இல்லம், ஆஸ்பத்திரி. ஒவ்வொரு வாசலிலும் குதிரையைக் கட்டிவிட்டு வெள்ளை மூட்டையை உள்ளே கொண்டுபோய்ப் போட்டு, அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். குதிரையையும் பிடித்துக்கொண்டு மூட்டையையும் தூக்க எனக்கு நான்கு கை இல்லை. முதலாளி நேற்றுச் சொல்லிவிட்டார்: "மழைக்காலம் வர்றதுக்குள்ள அது நிக்கணும். இல்லேன்னா தோல் வியாபாரிகிட்டத் தள்ளிவிட்டுடுவேன். அப்புறம் நீயும் வேற இடம் பாத்துக்கோ."

வாங்கியதிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. விற்றவர்கள் அடித்திருப்பார்கள் போலிருக்கிறது.

இருபத்தாறு வருடமாகக் குதிரை லாயத்திலேயே கிடக்கிறாயே, உனக்குத் தெரியாத வழியா? போனில் கேட்கலாம்தான். ஆனால் போன் முதலாளியின் மேசைமேல் இருக்கிறது. நான் பேசினால் இஸ்திரிப் பகுதி முழுக்கக் கையை நிறுத்திவிட்டுக் கேட்கும். அதனால் எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

*

மார்ச் 20

தம்பிக்கு,

நீயும் உன் வீட்டுக்காரியும் சுகமாக இருக்க வேண்டும். என் முழங்காலை விசாரித்திருந்தாய். அது என்னைவிடப் பத்து வயது மூத்தது மாதிரி நடந்துகொள்கிறது. லாயத்தில் இருபத்திரண்டு குதிரைகள், நாங்கள் மூன்றே பேர். புதிதாக வந்த மேலாளர் குதிரைகளுக்கெல்லாம் எண் போட்டுவிட்டார். எனக்கும் ஒன்று ஒதுக்கி வைத்திருப்பார்.

சாம்பல் விஷயம். முதலில் அவளைக் கட்டுவதை நிறுத்து. வாசல்களில் தெரிந்தவர் யாரையாவது கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சு. குதிரைக்கு ஓட்டம் ஒன்றுதான் தைரியம். ஓட முடியாது என்று தெரிந்தால் உயிரே போகிறது என்று நினைத்துவிடும். கயிறு இறுகும்போது ஓர் அடி முன்னால் வைத்தால் அது தளர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். இப்போதைக்கு இது ஒன்று போதும்.

தினமும் வேலை முடிந்த பிறகு முற்றத்தில் கால் மணி நேரம் ஒதுக்கு. கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல முன்னால் இழு. அவள் எதிர்த்தால் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அப்படியே பிடித்துக்கொண்டு நில். ஓர் அடி வைத்தாலும், தலையைக் கொஞ்சம் தாழ்த்தினாலும் அந்த நொடியே விட்டுவிடு. நீ விடும்போதுதான் அவளுக்குப் புரியும். இதையே நூறு தடவை செய். அலுத்துப்போகும். அலுப்பு நல்லது, அலுத்த குதிரை பயப்படாது. அவள் முகத்துக்கு நேராக நின்று கண்ணை உற்றுப் பார்க்காதே, தோளுக்குப் பக்கத்தில் நில்.

அவளுக்கு வாந்தி நின்றதா? குதிரையைக் கேட்கவில்லை, உன் வீட்டுக்காரியைக் கேட்கிறேன். இது ஐந்தாவது மாதம் இல்லையா? இஸ்திரி மேசை முன்னால் நாள் முழுக்க நிற்க விடாதே, ஒரு முக்காலி போட்டுக் கொடு. ஆகஸ்டில் பத்து நாள் விடுப்பு கேட்டு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபத்தாறு வருடத்தில் நான் கேட்கும் முதல் விடுப்பு, மேலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

அவளையும் இரண்டு வரி எழுதச் சொல்.

அக்கா

*

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

நீ சொன்னபடி செய்கிறேன். முதல் நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கயிற்றின் அந்த முனையில் அது, இந்த முனையில் நான், இரண்டு பேரும் சிலை மாதிரி நின்றோம். கொதிகலன் பார்க்கிறவர் வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, யார் முதல்ல கண்ண சிமிட்டுறதுன்னு பந்தயமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் ஓர் அடி வைத்தது. உடனே கயிற்றை விட்டேன். அதற்கே நம்பிக்கை வரவில்லை, திரும்பி என்னைப் பார்த்தது. இப்போது லேசாகத் தொட்டாலே முன்னால் வருகிறது.

ஆனால் நான் கையைக் கொஞ்சம் உயர்த்தினாலும் ஒதுங்கிவிடுகிறது. தொப்பியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினால்கூட. அதனால் இப்போது தொப்பி போடுவதில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று எழுது. வேலை அதிகம். ஆறு வாசலிலும் ஆள் பிடித்து நிறுத்துவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. வந்து படுத்தால் காலை வரை நினைவு இல்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

நலம்தானே? நானும் ஏதோ இருக்கிறேன். இந்த வாரம் ஒரு குதிரைக்கு வயிற்று வலி, இரண்டு நாள் அதை நடத்திக்கொண்டே இருந்தேன். அது பிழைத்துக்கொண்டது. என் கால்தான் வீங்கிவிட்டது.

ஓர் அடி வைத்துவிட்டாள் அல்லவா, இனி அவள் கற்றுக்கொள்வாள். அடுத்தது இது. சுவரில் அவள் தோள் உயரத்துக்கு ஒரு வளையம் அடி. கயிற்றை அதில் நுழைத்து, முடிச்சுப் போடாமல் மறுமுனையை நீ பிடித்துக்கொள். அவள் பின்னால் இழுத்தால் கொஞ்சம் கயிறு கொடு, நின்றதும் மெல்ல முன்னால் வாங்கு. கட்டியிருக்கிறது என்று அவள் நினைக்க வேண்டும், ஆனால் இறுக்கம் உன் கையில் இருக்க வேண்டும். அப்படி நிற்கும்போது தேய்த்துவிடு, புல் போடு, நீ பக்கத்தில் உட்கார்ந்து உன் வேலையைப் பார். காலால் தரையைக் கிளறினால் கண்டுகொள்ளாதே. அமைதியாக நிற்கும்போது மட்டும் அவிழ்த்துவிடு. கிளறினால் அவிழ்ப்பாய் என்று தெரிந்துவிட்டால் ஊரையே தோண்டிப்போடுவாள்.

அது பழகிய பிறகு முடிச்சுப் போடலாம். இழுத்தால் சட்டென்று அவிழும் முடிச்சாக இருக்கட்டும். வளையத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் பழைய சைக்கிள் ட்யூப் ஒன்றைக் கட்டு. அவள் இழுத்தால் அது நீளும், அவள் விட்டால் சுருங்கும்.

இன்னும் சில கேள்விகள். எந்த வாசலில் அதிகம் இழுக்கிறாள்? நீ எந்தப் பக்கத்திலிருந்து போனால் ஒதுங்குகிறாள்? வேறு யாராவது கட்டினால் எப்படி? நான் கேட்டதற்கு மட்டும் பதில் எழுது.

இல்லை, கேட்காததற்கும் எழுது. உன் வீட்டுக்காரியைப் பற்றி ஒரு வரி எழுதினால் மை தீர்ந்துவிடுமா? குதிரையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய்.

அக்கா

*

மே 12

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

ஐந்து வாசலில் இப்போது நிற்கிறது. ட்யூப் நல்ல யோசனை. சாப்பாட்டுக்கடை வாசலில் இருபது நிமிடம் நின்றது, வாழ்நாள் முழுக்க அங்கேயே நின்றது மாதிரி ஒரு காலை மடக்கிக்கொண்டு தூங்கியும்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு மட்டும் வருவதில்லை. தெருமுனைக்கு வந்ததுமே நடுங்குகிறது. அதனால் வண்டியை எதிர்ப் பக்கம் ஒரு பழக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு, ஒன்பது மூட்டையையும் ஒவ்வொன்றாகத் தோளில் வைத்துத் தெருவைக் கடக்கிறேன். ஒன்பது நடை போக, ஒன்பது நடை வர. அந்த வாசலில் கூட்டம் அதிகம், அதனால்தான் இருக்கும்.

எந்தப் பக்கம் என்று கேட்டாய். வலது பக்கம். வேறு யார் கட்டினாலும் நிற்கிறது. உன் தம்பி பெண்டாட்டி கட்டினால் இழுப்பதே இல்லை. அவள் தினமும் மாலையில் முற்றத்தில் போய் அதன் பக்கத்தில் நிற்கிறாள். அவள் தோளில் மோவாயை வைத்துக்கொள்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மே 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, பஸ்ஸில் ஏறாமல் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி வளைக்கத் தெம்பு இல்லை, நேராகக் கேட்கிறேன். கயிற்றுக்குப் பயந்த குதிரை எல்லா வாசலிலும் பயப்படும், யார் கட்டினாலும் பயப்படும். இவள் ஒரு வாசலுக்கும் ஒரு ஆளுக்கும்தான் பயப்படுகிறாள். அந்த ஆள் கையை உயர்த்தினால் வலது பக்கம் கூசுகிறாள். விற்றவர்கள் அந்த ஆஸ்பத்திரி வாசலில் வைத்தா அடித்தார்கள்?

இன்னொன்று. இது ஏழாவது மாதம். மூன்று கடிதத்தில் கேட்டுவிட்டேன். நீ "நலம்" என்று எழுதுகிறாய். மாசமாக இருக்கிறவள் நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, மாலையில் முற்றத்தில் போய்க் குதிரைக்குத் தோள் கொடுத்து நிற்க மாட்டாள். அப்படி நிற்கிறாள் என்றால் எனக்கு வேறு என்னவோ தோன்றுகிறது. அது தப்பாக இருக்க வேண்டும்.

உடனே பதில் போடு.

அக்கா

*

ஜூன் 28

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்களுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிக் கடிதம் ஐந்து வாரமாக அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. அவர் தினமும் அதை எடுப்பார், பார்ப்பார், வைத்துவிடுவார். இரண்டு தடவை பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தேதி மட்டும் எழுதினார். நேற்று நானே அதை எடுத்துப் படித்தேன். தவறுதான்.

அண்ணி, பிப்ரவரி கடைசியில் குழந்தை போய்விட்டது. நாலாவது மாதம். யார் பேரிலும் தப்பு இல்லை என்று டாக்டரம்மா சொன்னார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி வேலைக்குப் போனேன். இஸ்திரி மேசைக்கு ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வரும். அதை மட்டும் என்னிடம் தர வேண்டாம் என்று மேற்பார்வை அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். அவர்கள் ஏன் என்று கேட்காமல் விடுதித் துணிக்கு மாற்றிவிட்டார்கள்.

இதை அவர் உங்களுக்கு எழுதியிருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். நீங்கள் எனக்கு ஒரு வரி எழுதவில்லையே என்று உங்கள் மேல் வருத்தமாகக்கூட இருந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசலில் என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். நான் மேல் மாடி ஜன்னலில் இருந்தேன். பார்த்தேன். ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் நாங்கள் சண்டை போடுவதில்லை. சாப்பாடு ஆச்சா, கதவைச் சாத்தியாச்சா, இவ்வளவுதான் பேச்சு. சாம்பலோடு எனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. அதற்குப் பேச வேண்டியதில்லை.

நான் எழுதியதை அவரிடம் சொன்னாலும் சரிதான். உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

*

ஜூலை 6

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி எழுதினாள். குழந்தையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அந்த உறையை நீ பிரிக்காதே.

வாசலைப் பற்றி அவள் சொல்லவில்லை. நீ சொல்.

அக்கா

*

ஜூலை 17

அக்காவுக்கு,

நலம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அன்றைக்கு விடியும்போதே அவளுக்கு வலி வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பத்து மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார். "அவங்க நல்லா இருக்காங்க. தூங்கட்டும். சாயங்காலம் வந்து பாருங்க." ஆஸ்பத்திரி நடையில் கொஞ்ச நேரம் நின்றேன். எங்கே உட்காருவது, யாரிடம் என்ன கேட்பது என்று ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தது வண்டி ஓட்டுவது ஒன்றுதான். அதனால் வேலைக்குப் போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்து வாசலிலும் "என்ன, சௌக்கியமா?" என்று கேட்டார்கள். சௌக்கியம் என்றேன்.

ஆறாவது வாசல் அந்த ஆஸ்பத்திரிதான். நாலு மணி. தூறல். இரும்புக் கம்பிக் கதவில் சாம்பலைக் கட்டினேன். அப்போதெல்லாம் அது கட்டினால் நிற்கும், அக்கா. வாங்கியதிலிருந்து இப்படித்தான் என்று உனக்கு எழுதியது பொய். உள்ளே யாரோ ஒரு தகரத் தட்டைக் கீழே போட்டார்கள். சாம்பல் வெருண்டு பின்னால் இழுத்தது. வண்டி சாய்ந்தது. ஒன்பது மூட்டையும் சேற்றில் விழுந்து அவிழ்ந்துவிட்டன. அத்தனையும் வெள்ளை.

கயிற்றை இழுத்து, அதன் மோவாய் கம்பியில் முட்டும் அளவுக்குக் குறுக்கிக் கட்டினேன். நிதானமாகத்தான் கட்டினேன். பிறகு தோல் வாரை எடுத்தேன். எத்தனை அடி என்று தெரியாது. அது போக இடமில்லை. வலது பக்கமாகத் திரும்பித் திரும்பி ஒதுங்கப் பார்த்தது. அது கத்தவே இல்லை. குதிரை அடிபட்டால் கத்தாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. கத்தியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ.

வாயில் காவலர் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தார். "போதும்யா, போதும். வாயில்லாத ஜீவன்யா அது." நான் உதறியதில் அவர் தொப்பி சேற்றில் விழுந்தது. அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. சேற்றுத் துணியையெல்லாம் வாரி வண்டியில் போட்டுத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் ஜன்னலில் இருந்தாள் என்பது உன் கடிதத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியும். நான்தான் கேட்டேன். "பாத்தியா?" என்றேன். "பாத்தேன்" என்றாள்.

உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். முதல் கடிதத்தில் எழுதத்தான் உட்கார்ந்தேன். குதிரையைப் பற்றி ஆரம்பித்தேன், அதிலேயே முடிந்துவிட்டது. நீ விடுப்பு கேட்டதாக எழுதிய பிறகு சொல்ல முடியவில்லை.

மழை ஆரம்பித்துவிட்டது. முதலாளி செப்டம்பர் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார். அந்த ஒரு வாசல்தான் பாக்கி.

தம்பி

*

ஆகஸ்ட் 30

தம்பிக்கு,

ஆறு வாரம் ஆகிவிட்டது. உன்னைத் திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். நாலாவது இது. திட்டுவதற்குத் தெம்பு போய்விட்டது, அதனால் பயப்படாமல் படி.

எழுதிக் கொடுத்த விடுப்பை எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வரவில்லை. வந்தால் என்ன பேசுவது? பத்து நாளும் அறையிலேயே கிடந்தேன். லாயத்துக் குதிரைகளை யார் பார்க்கிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டியில் கொஞ்சம் சின்னத் துணிகள் தைத்து வைத்திருந்தேன். அவற்றைப் பிரித்து, மடித்து, அதே பெட்டியில் வைத்தேன். நீ குதிரையை அடித்ததைவிட, நாலு மாதம் என்னை இப்படித் தைக்க விட்டதுதான் எனக்கு ஆறவில்லை. இதைச் சொல்லிவிட்டேன், இனிச் சொல்ல மாட்டேன்.

அடித்ததைப் பற்றி. இத்தனை வருடம் குதிரையோடு இருந்துவிட்டு ஒரு நாளும் கை ஓங்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே. நானும் அடித்திருக்கிறேன். இங்கே வந்த மூன்றாம் வருடம். காரணம் இப்போது ஞாபகம்கூட இல்லை. அந்தக் குதிரை என்னிடம் புல் தின்ன ஒரு வருடம் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் நான் தினமும் புல்லை வைத்துவிட்டு நகர்ந்து போனேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உனக்கும் அதைத்தான் சொல்ல முடியும்.

மூட்டை இல்லாத நேரத்தில் அவளை அந்தத் தெருவுக்கு நடத்திக்கொண்டு போ. நடுங்கினால் அங்கேயே நில். நடுக்கம் நின்றதும் திரும்பிவிடு. அடுத்த தடவை பத்தடி கூட. கதவருகே வந்ததும் கட்டாதே, உட்கார். நீ உட்கார்ந்தால் கை ஓங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை நாள் ஆகும் என்று என்னைக் கேட்காதே.

சாம்பலிடம் உன்னால் வாயால் மன்னிப்புக் கேட்க முடியாது. உன் வீட்டுக்காரியிடம் முடியும். கேட்டாயா? "பாத்தியா" என்று மட்டும்தானே கேட்டிருக்கிறாய்?

இரண்டு பேரும் சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

அக்கா

*

அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா என்று அவள் கேட்கச் சொன்னாள்.

நீ சொன்னபடி தினமும் மாலையில் சாம்பலை அந்தத் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதவு வரை போகப் பத்தொன்பது நாள் ஆயிற்று. பிறகு கதவுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொள்வேன். கயிறு என் மடியில் கிடக்கும். அவள் நிற்பாள். வாயில் காவலர் முதல் நாள் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வந்தார். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு, அவருக்கும். ஆனால் முடிச்சுப் போட மட்டும் எனக்குக் கை வரவில்லை.

உன் தம்பி பெண்டாட்டியிடமும் மன்னிப்புக் கேட்டேன். முற்றத்தில் துணி உதறிக்கொண்டிருந்தாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குக் குதிரையை நான் அடிச்சதை நீ பாத்திருக்கக் கூடாது. தப்புதான், மன்னிச்சுக்க" என்றேன். அவள் விரிப்பைப் பாதியாக மடித்தாள், மறுபடி பாதியாக மடித்தாள். பிறகு சொன்னாள்:

"குதிரையை அடிச்சீங்கன்னு நான் கோபப்படல. எனக்கும்தான் யாரையாவது அடிக்கணும்போல இருந்துச்சு. நர்ஸ் எழுந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லியும் நான் எழுந்து ஜன்னல்ல நின்னேன். வண்டிச் சத்தம் கேட்டுச்சு. வந்துட்டாருன்னு நினைச்சேன். மேல வருவீங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். நீங்க வண்டியைத் திருப்பிட்டீங்க."

அக்கா, எனக்கு அது தோன்றவே இல்லை. ஏழு மாதமாக நான் அந்த வாரையே நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம் பிளாஸ்கில் காபி கொண்டுபோனேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துவிட்டேன். அவள் அந்த முதல் நாள் சாயங்காலத்திலேயே நின்றிருக்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் சாம்பலை நடத்திக்கொண்டு கிளம்பியபோது, "நானும் வர்றேன்" என்றாள். அந்தத் தெருவுக்கு அவள் அதற்குப் பிறகு போனதே இல்லை. கதவருகே போனதும் நான் வழக்கம்போல் படியில் உட்காரப் போனேன். அவள் உட்காரவில்லை. கட்டிடத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் மேல போறேன்" என்றாள். "நீங்க வாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் கையில் கயிறு. அவளோடு போக வேண்டுமானால் சாம்பலைக் கட்ட வேண்டும், அந்தக் கதவிலேயே. காவலர் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேணா பிடிச்சுக்கவா?" என்றார். கொடுத்திருக்கலாம். ஏனோ வேண்டாம் என்றேன். ட்யூபைக் கம்பியில் மாட்டி, கயிற்றைத் தாராளமாக விட்டு, நீ சொன்ன முடிச்சைப் போட்டேன். சாம்பலுக்குத் தோளெல்லாம் நடுங்கியது. அவள் கழுத்தில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தேன். பிறகு திரும்பிப் பார்க்காமல் மாடி ஏறினேன்.

வார்டு நடையில் யாரும் இல்லை. அவள் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கீழே ட்யூப் படார் என்று இழுபடும் சத்தம் கேட்டது, ஒரு தடவை, இன்னொரு தடவை. குனிந்து பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என் கைமேல் கையை வைத்து, "நிக்கிறா" என்றாள்.

அங்கேயே நின்று கொஞ்ச நேரம் அழுதோம். துப்புரவு செய்கிற அம்மா வாளியோடு வந்து, எங்களைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

கீழே வந்தபோது சாம்பல் நடைபாதைக் கல் இரண்டைப் பெயர்த்து வைத்திருந்தாள். காவலருக்கும் எனக்கும் அதை மறுபடி பதிக்க அரை மணி நேரம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை, இதுவரை ஒரு தொந்தரவும் தராத மாணவர் இல்லத்து வாசலில் காரணமே இல்லாமல் இழுத்து ட்யூபை அறுத்துவிட்டாள். புதன்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் ஒன்பது மூட்டை இறக்கும் வரை நின்றாள். முதலாளி இரண்டு வாரமாகத் தோல் வியாபாரியின் பேச்சை எடுக்கவில்லை. அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே சம்மதம் என்று அர்த்தம்.

இப்போதும் நான் கையைத் தூக்கினால் வலது பக்கம் ஒதுங்குகிறாள். தொப்பி இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. உன் குதிரைக்கு ஒரு வருடம் ஆயிற்று என்று நீ எழுதியிருந்தாய். ஆகட்டும்.

எங்களுக்குக் களைப்பாக இருக்கிறது, அக்கா. ஆனால் இப்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட உட்காருகிறோம். அவளும் உனக்கு எழுத வேண்டுமாம், அதனால் பக்கத்தின் கீழே இடம் விட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

உன் தம்பி

அண்ணி, வணக்கம். அவர் ஒன்றை விட்டுவிட்டார். ஜன்னலில் நின்றபோது நான் அவரிடம் ஒரு பெயர் சொன்னேன். குழந்தைக்கு நான் மனதுக்குள் வைத்திருந்தது. அதை உங்களுக்கு எழுத்தில் எழுத மனம் வரவில்லை. நேரில் வாருங்கள், சொல்கிறேன்.